கலாவின் பெயரில் பேசிய ஏஜென்ட்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு,

விழுப்புரம் ஆபீஸ் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, "புதுப் பசங்களுக்கு உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க மேடம்" என்று இப்போது கம்பெனியை நடத்துகிறவர்கள் கேட்டார்கள். அவர்கள் எதை எதிர்பார்த்துக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியும். டிடிபி சென்டர் வைத்துக் கல்யாணப் பத்திரிகையும் பேனரும் அடித்துக்கொண்டிருந்த ஒருத்தி, ஐம்பது வயதுக்கு மேல் ஏஐ ஏஜென்ட்டுகளை வைத்து டிஜிட்டல் மார்க்கெட்டிங் கம்பெனியை எப்படி வளர்த்தாள் என்ற கதை. அந்தக் கதையை வியாபாரிகள் கூட்டம், கல்லூரி விழா என்று போகிற இடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம்கூட வெட்கமாக இருந்ததில்லை. இப்போது எழுதப்போவது அதன் மறுபாதி. படித்து முடித்ததும் என்மேல் உங்களுக்கு இருக்கிற மரியாதை குறையும். குறைந்தால் குறையட்டும்.

ஏஜென்ட்டை எப்படி அமைப்பது, எதோடு எதை இணைப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் எழுதினால் சிரிப்பீர்கள். ஒரு வேலையைச் சொன்னால் தானே ஆள் தேடி, தானே பேசி, தானே முடிவெடுத்து, சாயங்காலம் என்னென்ன செய்தேன் என்று ஒப்பிக்கும் மென்பொருள். அதற்கு மேல் எனக்கும் அதைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது.

முதலில் சிரிக்கிற மாதிரி ஒன்று சொல்லிவிடுகிறேன். செஞ்சி ரோட்டில் ஒரு பிரியாணிக் கடை எங்கள் வாடிக்கை. எந்த ஊரில் என்றைக்குக் கூட்டம் கூடுகிறது என்று ஏஜென்ட்டே கண்டுபிடித்து, அங்கே இருக்கிறவர்களின் போனில் விளம்பரத்தைக் காட்டும். ஓர் அமாவாசை அன்று மேல்மலையனூரில் கூட்டம் அலைமோதுவதைப் பார்த்திருக்கிறது. விடுமா? அங்காளம்மனைப் பார்க்க விரதமிருந்து வந்து வரிசையில் நின்றவர்கள் போனிலெல்லாம் இரண்டு மட்டன் பிரியாணிக்கு ஒன்று இலவசம் என்று போட்டுவிட்டது. கடைக்காரர் போனில் கத்தினார். "இன்னா மேடம் இது? எம் பொண்டாட்டியே அங்கதான் நின்னுக்கினு இருக்கா. அவ போன்லயும் வந்துச்சாம்! நான் வூட்டுக்குள்ள எப்படிப் போறது?"

அமாவாசை அன்று அசைவ விளம்பரம் கூடாது என்று ஒரு வரி சேர்த்தேன். அந்தத் தப்பை அது மறுபடி செய்யவே இல்லை. நான்தான் அதிலிருந்து தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டேன். எந்தத் தப்பு வந்தாலும் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது என்று நினைத்துவிட்டேன். பிரியாணி விஷயத்தில் தப்பைச் சொல்லக் கடைக்காரர் இருந்தார், கத்தினார். கத்த முடியாதவர்களிடம் தப்பு நடந்தால் அந்த ஒரு வரி எங்கிருந்து வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனிமேல் சொல்வதில் சிரிக்க எதுவும் இல்லை.

திண்டிவனத்தில் அரசு வேலைத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிற சென்டர் ஒன்று எங்களிடம் இருந்தது. அதை நடத்துகிறவரை ஆபீஸில் எல்லோரும் சென்டர் சார் என்போம். அவருக்கு ஆள் சேர்ப்பதும், சேர்ந்தவர்கள் பாதியில் நின்றுவிடாமல் போன் போட்டுப் பேசி வரவைப்பதும் எங்கள் பொறுப்பு. அந்தப் போன் வேலை முழுக்க கலாவுடையது. வளவனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். எட்டு வருடம் என்னோடு இருந்தாள். நூற்றுக்கணக்கான பேரைக் குரலை வைத்தே அடையாளம் சொல்வாள், நேரில் பார்த்தால் ஒருவரையும் தெரியாது.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண் கொடுக்கிற நம்பர் அவளுடைய நம்பர்தான் என்று நினைத்துவிட முடியாது. மாமியார் போனாக இருக்கும், அண்ணன் போனாக இருக்கும், சில சமயம் பக்கத்து வீட்டுப் போன். வீட்டுக்குத் தெரியாமல் படிக்க வருகிற பெண்கள் அந்த சென்டரில் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருத்தி வீட்டில் தையல் கிளாஸ் என்று சொல்லியிருப்பாள், இன்னொருத்தி மகளிர் குழுக் கூட்டம் என்பாள். இதையெல்லாம் கலா விசாரித்து, எங்கள் பட்டியலின் கடைசிக் கட்டத்தில் குறிப்பு என்று தலைப்புப் போட்டு எழுதி வைப்பாள். "அண்ணன் போன். ஆம்பள குரல்னா ராங் நம்பர்னு வச்சிடணும்." "பதினோரு மணிக்கு மேல. மாமனார் கழனிக்குப் போனப்புறம்." "குழுத் தலைவின்னு சொல்லணும்." நான் அதைப் படித்துவிட்டு, "நாம நடத்துறது ஆபீஸா, இல்ல கடத்தல் கும்பலா கலா?" என்று கிண்டல் செய்வேன். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே அடுத்த நம்பரைப் போடுவாள்.

ஏஜென்ட்டுகள் நன்றாக வேலை செய்யத் தொடங்கியதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. கடலூர், திருவண்ணாமலை வரைக்கும் இருக்கிற பயிற்சி சென்டர்களையெல்லாம் பிடித்துவிட வேண்டும் என்று. கலா ஒரு நாளில் நாற்பது பேரிடம் பேசுவாள். ஏஜென்ட் ஒரு காலைப்பொழுதில் அதைப்போலப் பத்து மடங்கு பேசும், அதுவும் நல்ல தமிழில், களைப்பே தெரியாத பெண் குரலில். கலாவை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பி, பின்வரிசையில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுத உட்காரவைத்தேன். அந்தக் குரலுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் கலா என்ற பெயரை நம்பித்தான் பெண்கள் பேசுவார்கள். அதனால் அந்தப் பெயரையே வைத்தேன்.

"எம் பேரையாக்கா வச்சீங்க?" என்றாள். "அது இன்னா பேசுனாலும் நான் பேசுனதா ஆயிடுமே."

"உனக்குப் பெருமைதானே" என்றேன். அவள் மேஜையை ஒழுங்கு செய்துகொண்டே, "அந்தக் கடைசிக் கட்டத்த மட்டும் அது படிக்குதான்னு பாத்துக்கோங்கக்கா" என்றாள். அதெல்லாம் படிக்கும் என்று சொன்னேன். பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, திண்டிவனம் பைபாஸில் ஒரு ஓட்டலில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஏஜென்ட்டிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. குறிப்பு என்ற கட்டத்தில் இருப்பவை ஒழுங்கான தகவலாக இல்லை, அழைப்பைத் தாமதப்படுத்துகின்றன, நீக்கலாமா என்று கேட்டது. கேட்காமல் செய்திருந்தால் அதன்மேல் பழி போடலாம். அது கேட்டது. வலது கையில் பொங்கலும் சாம்பாருமாக இருந்தது, இடது கைக் கட்டை விரலால் சரி என்று அழுத்தினேன். இன்னொரு வடை கேட்டேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வாரம் விழுப்புரத்தில் ஒரு ஓட்டல் ஹாலில், ஆறு சென்டர் முதலாளிகளைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டேன். திண்டிவனம் சென்டர் சாரும் சாட்சிக்காரர் மாதிரி முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். கலாவை டீ, பிஸ்கட் கவனிக்கச் சொல்லிப் பின்னால் நிற்க வைத்திருந்தேன். ஏஜென்ட் தான் பேசிய அழைப்புகளுக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளும். அந்த வாரத்திலேயே அதிக மதிப்பெண் வாங்கிய அழைப்பை, 'குடும்பத்தார் மிகுந்த ஆர்வம் காட்டினர்' என்று அது எழுதி வைத்திருந்ததை, எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். அதற்கு முன்னால் நான் அதை ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை.

"வணக்கம். பயிற்சி மையத்திலிருந்து கலா பேசுகிறேன்" என்று தொடங்கி, ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, அவரிடம் பேசலாமா என்று கேட்டது குரல். பனமலைப் பக்கத்து ஊர் அது. அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"அது கழனிக்கு மல்லாட்ட பறிக்கப் போயிருக்குது. நான் அவ மாமியாரு. எந்த மையம்? தையல் கிளாஸா?" என்றது ஒரு வயதான குரல்.

"இல்லை அம்மா. அரசுப் பணித் தேர்வுக்கான வகுப்பு. இரண்டு சனிக்கிழமைகளாக அவர் வரவில்லை. தேர்வுக்குப் பன்னிரண்டு நாட்களே இருக்கின்றன."

ஹாலின் பின்பக்கத்தில் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. "அக்கா, நிறுத்துங்க" என்றாள் கலா.

எனக்குக் கேட்டது. ஆறு முதலாளிகளும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டே, "ஒரு நிமிஷம் கலா, முடிஞ்சிடட்டும்" என்றேன். என் வாழ்க்கையில் எதையாவது திரும்ப வாங்க முடியும் என்றால் அந்த ஒரு வாக்கியத்தை வாங்குவேன். அப்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டிருந்தது. புரிந்தும் நிறுத்தவில்லை, ஏனென்றால் வந்தவர்கள் முகத்தில் திருப்தி தெரிந்தது.

"எப்பலேர்ந்து வருது அது?" என்று மாமியார் கேட்டார்.

"பதினொரு மாதங்களாக வருகிறார். மிக நன்றாகப் படிக்கிறார்."

"அப்பிடியா. நல்லா பேசுற கண்ணு நீ. இன்னும் சொல்லு."

அது சொன்னது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வகுப்பு, எத்தனை மணிக்கு முடியும், தேர்வு விழுப்புரத்தில் எந்தப் பள்ளியில், எல்லாவற்றையும் பொறுமையாக, மரியாதையாகச் சொன்னது. கடைசியில், ஹால் டிக்கெட்டை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள் என்றது.

"எங்க வச்சிருக்குதுன்னு நானே பாத்து எடுத்து வக்கிறேன் கண்ணு" என்றார் அந்த அம்மா.

ஹாலில் கைதட்டினார்கள். "பெத்த பொண்ணுகூட இவ்ளோ பொறுமையா பேசாது மேடம்" என்றார் ஒருவர்.

நான் வெளியே வந்தபோது படிக்கட்டுப் பக்கம் கலா நின்றுகொண்டிருந்தாள். கையில் போன். அந்த நம்பரைப் போட்டிருக்கிறாள், மாமியார் எடுத்திருக்கிறார். "நீதான கலா? நல்ல நேரத்துல வந்து சொன்ன" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். அழைப்பு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

"நான் பண்ணல கலா. ஏஜென்ட் தப்பா எடுத்துக்கிச்சு" என்றேன்.

"இப்பவும் பேசிக்கினுதான் இருக்குது. மொதல்ல அத நிறுத்துங்கக்கா" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. அந்த நேரத்திலும் கலா என்ற பெயரில் ஊர் ஊராகப் போன் போய்க்கொண்டிருந்தது. ஆனால் உள்ளே இரண்டு முதலாளிகள் கையெழுத்துப் போடத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரில் இருந்த திரையில் ஏஜென்ட் பேசும் அழைப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் நின்றால் ஏன் என்று கேட்பார்கள். கையெழுத்து முடியட்டும் என்று விட்டேன். பதினொன்றரைக்கு நிறுத்தியிருக்க வேண்டியதை மூன்று மணிக்குத்தான் நிறுத்தினேன். பயம், நெருக்கடி, குழப்பம் என்று நான் பின்னால் பல பேரிடம் பல காரணம் சொன்னேன். ஒரு குழப்பமும் இல்லை. எது சரி என்று நன்றாகவே தெரிந்து, மூன்றரை மணி நேரம் தள்ளிப்போட்டேன்.

சென்டர் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். "டெக்னிக்கல் எரர்தானே மேடம், அதுக்குப் போய் பேஜாராவாதீங்க" என்று ஆறுதல் சொன்னார். எனக்கும் அந்த ஆறுதல் வேண்டியிருந்தது, வாங்கிக்கொண்டேன். ஏஜென்ட்டும் தன் பங்குக்கு அந்த வீட்டு நம்பருக்கே ஒரு மன்னிப்புச் செய்தியைத் தயார் செய்து, அனுப்பட்டுமா என்று கேட்டது. அந்தப் பெண் மறைத்துப் படித்ததைத் தெரியப்படுத்தியதற்கு வருந்துகிறோம் என்று அதில் எழுதியிருந்தது! நான் அனுப்பத்தான் போனேன். கலா என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

அடுத்த மூன்று நாள் அவள் ஆபீஸிலேயே காது வலிக்க வலிக்க உட்கார்ந்து, அந்த வாரம் பதிவான அழைப்புகள் அனைத்தையும் கேட்டாள். பட்டியலின் பழைய பிரதியிலிருந்து தன் குறிப்புகளைத் தேடி எடுத்தாள். எந்த வீட்டில் இன்னும் சமாளிக்க முடியுமோ அங்கெல்லாம் போன் போட்டு, வேறு யாருக்கோ வந்தது மாறி வந்துவிட்டது என்று பேசினாள். சில வீடுகளில் எடுபட்டது. பனமலைப் பக்கத்து வீட்டில் எடுபடவில்லை. கலா குரலைக் கேட்டதும் அந்த அம்மா, "எல்லாம் நீ சொல்லித்தான தெரிஞ்சுது" என்று வைத்துவிடுவார்.

தேர்வு அன்று காலையில் கலா அந்தப் பள்ளி வாசலில் போய் நின்றாள். முகம் தெரியாது. ஆனாலும் யாராவது தயங்கித் தயங்கி வந்தால் குரலைக் கேட்டுக் கண்டுபிடித்துவிடலாம் என்று நின்றாளாம். கதவைச் சாத்திய பிறகு எனக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்பினாள். 'வரல.' மறுநாளிலிருந்து அவளும் வேலைக்கு வரவில்லை. நான் போட்ட போன்களையும் எடுக்கவில்லை.

ஆறேழு மாதம் போயிருக்கும். ஒரு முகூர்த்த நாள், மதியம். ஆபீஸில் நான் மட்டும்தான் இருந்தேன். பட்டுப் புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக ஒரு பெண் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். பக்கத்துத் தெரு மண்டபத்துக்கு உறவுக்காரர் கல்யாணத்துக்கு வந்தவள் என்று பிறகு தெரிந்தது.

"கலா அக்கா எங்க?" என்றாள்.

"வேலைய விட்டுப் போயிட்டாங்கம்மா. நீங்க யாரு?"

ஊர்ப் பெயரைச் சொன்னாள். பனமலைப் பக்கத்து அதே ஊர். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"உக்கார நேரமில்ல. பந்தி நடந்துக்கினு இருக்குது, தேடறதுக்குள்ள ஜல்தியா போயிடணும். அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பதினோரு மாசம் நல்லாத்தான பேசுனாங்க. 'தையல் டீச்சர் பேசறேன்'னு சொல்லி எத்தினி தரம் என்னக் காப்பாத்தினாங்க. அப்புறம் ஏன் காட்டிக் குடுத்தாங்க? நான் அவங்களுக்கு இன்னா பண்ணேன்?"

அவள் அழவில்லை. மனப்பாடம் செய்துகொண்டு வந்த மாதிரி கடகடவென்று சொன்னாள். "என்ன அடிக்கல்லாம் இல்ல. சனிக்கெழம வெளிய போறது கெடையாது. புக்குங்க அடுப்புக்குப் போச்சு. அவ்ளோதான்."

"அது கலா இல்லம்மா" என்றேன். "கம்ப்யூட்டர். கலா பேருல பேசுற மிஷினு. அதுக்கு விவரம் தெரியல."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "அப்ப கலா அக்கா சொல்லலியா?"

"சொல்லல. அவங்க தடுக்கத்தான் பாத்தாங்க."

அந்த முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது எனக்குத் தெரிந்தது. பிறகு அவள் கேட்டாள்: "மிஷினுக்கு எப்பிடி எங்க வூட்டு நம்பரு தெரியும்? யாரு குடுத்தது?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. சென்டர் சார் கேட்கவில்லை, முதலாளிகள் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"நான்தான்" என்றேன். கலா எழுதி வைத்த குறிப்பை அழிக்கச் சொன்னதும் நான்தான், அந்தப் பெயரை வைத்ததும் நான்தான், கூட்டத்தில் போட்டுக் காட்டியதும் நான்தான் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதேன். மன்னிக்கச் சொன்னேன். அவள் வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள். திட்டவில்லை. "கலா அக்காவுக்குப் போன் போட்டுக் குடுங்க. அவங்களத் தப்பா நெனச்சிக்கினு இருந்தேன்னு சொல்லணும்" என்றாள்.

போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது.

"வேலையா இருப்பாங்க. நீங்க சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாகப் படியிறங்கிப் போனாள்.

மறுநாள் வளவனூர் போனேன். மெயின் ரோட்டில் ஓர் உரக்கடையில் கலா வேலை செய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. வெளியே வந்து நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் வந்ததையும், கலாவைத் தவறாக நினைத்திருந்ததையும், நான்தான் என்று ஒப்புக்கொண்டதையும். ஒப்புக்கொண்டதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன் என்று நினைக்கிறேன். அதற்காவது கலா ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, "பரீட்ச எழுத வயசு இன்னும் இருக்குதே அந்தப் பொண்ணுக்கு. மறுபடியும் எழுதறேன்னு சொல்லிச்சாக்கா?" என்றாள். "எந்த நேரத்துல பேசலாம், இனிமே யாரு போனுக்குப் போடலாம், இன்னா சொல்லிக் கூப்புடலாம்னு கேட்டு வச்சீங்களா?"

நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. யார் கண்ணிலும் படாமல் ஓடி வந்து, அந்தப் பெண் என் எதிரில் நின்ற அந்தப் பத்து நிமிடமும் நான் என்னைப் பற்றித்தான் பேசியிருந்தேன்.